அத்தர் டப்பாவில் ஒரு பிராசசர்

லாத்தா,

இன்று காலையில் உங்க தகர டப்பாவைத் திறந்தேன். துபாயிலிருந்து மகன் கொண்டு வந்தது என்று மிட்டாயோடு எனக்குக் கொடுத்தீங்களே, மூடியில் ஒட்டகம் போட்டது, அதேதான். மிட்டாய் தீர்ந்ததும் அத்தர் நனைத்த பஞ்சு ஒன்றை அதில் போட்டு, "சேலையோட வை புள்ள, மீன்வாடை போவட்டும்" என்றீங்க. பஞ்சு காய்ந்து நூலாகி எத்தனையோ வருஷம் ஆச்சு. வாசனை மட்டும் போகவில்லை. மூடியை எடுத்ததும் நீங்க பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

டப்பாவுக்குள் இப்போது ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. கூட்டுக்குள் சதுரமாக ஒரு தகடு. அடியில் தலைமுடி கனத்தில் வரிசை வரிசையாக ஊசிகள். என் மகள் வயிற்றுப் பேத்தி பவித்ராவின் கம்ப்யூட்டரில் அஞ்சு வருஷம் ஓடிய எஞ்சின் அது. பிராசசர் என்று பெயர். எட்டு நாளாக அதை யார் கையிலும் கொடுக்காமல் காவல் காத்தேன். அவள் மாமா, என் மகன் செந்தில் கேட்டான், கடைக்காரர் கேட்டார், பவித்ராவே கேட்டாள். கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது எப்படி ஜெயித்தது என்று உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

தொண்டிக் கரையில் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ரெண்டு மாசத்துக்கு விசைப்படகு கடலுக்குப் போகாது. எல்லாம் கரையில் ஏறி நிற்கிறது. பெயிண்ட் வாடையும் டீசல் வாடையும் தெரு வரைக்கும் வருகிறது. இந்த வாடை வந்தால் எனக்கு உங்க படகடிதான் ஞாபகம். மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, தலையில் முக்காட்டோடு உட்கார்ந்து, டிரைவரைப் பார்த்து "எஞ்சினைத் தொறந்தியா, கழுவுனியா? கழுவாம எனக்குக் குறை சொல்லாதே" என்று அதட்டுவீங்க. உங்க வீட்டுக்காரர் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு ரெண்டு படகையும் நீங்களே பார்த்தீங்க. "முக்காடு போட்ட பொம்பள எஞ்சினுக்கு வைத்தியம் பாக்குறா" என்று கரையில் சிரித்தவர்கள் எத்தனை பேர்! நான் அப்போது உங்களிடம் வலைக்கு ஓட்டை அடைக்க வந்தவள். உங்க தெருப் பிள்ளைகளைப் போல நானும் உங்களை அக்கா முறை வைத்து லாத்தா என்றேன்.

அந்தப் பெரிய எஞ்சின் வருஷம் ஞாபகம் இருக்கா லாத்தா? மறந்திருக்க மாட்டீங்க. சோளியக்குடிக்காரர் ஒருவர் பெரிய எஞ்சின் போட்டு முன்னால் முன்னால் போகிறார் என்று உங்களுக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தடைக்காலத்திலேயே அதே மாதிரி ஒன்றை வாங்கிப் படகில் இறக்கினீங்க. பழைய எஞ்சினை அன்றைக்கே ஒரு வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். முதல் நடையிலேயே படகின் பின்பக்கம் உதறிய உதறலில் பலகை இடுக்கெல்லாம் வாய் திறந்துவிட்டது. வேறொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. கரையில் நின்ற ஒருவன் கத்தினான்: "லாத்தா, எஞ்சின் முன்னாடி வந்துருச்சு, படகு பின்னாடி வருதா?"

புதுசு அந்தப் படகுக்கு ஆகாது. பழசும் கையில் இல்லை. அந்த வருஷம் முழுக்க ஒரு படகு மண்ணில்தான் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் நான் வடை மடித்து வந்த பேப்பரைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்க உற்றுப் பார்த்தீங்க.

"ஒனக்கு வாசிக்கத் தெரியுமா புள்ள?"

"அஞ்சாப்பு வரைக்கும் போனேன் லாத்தா."

"எழுத?"

"எழுதுவேன். புள்ளி கோடு கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

உங்களுக்கு அரபு ஓதத் தெரியும். தமிழ் எழுத்து வராது. மறுநாளே ஒரு நீள நோட்டு வாங்கி வந்து என் மடியில் போட்டீங்க. "வரவு செலவு எழுத ஆள் இருக்கு. நீ வேற எழுதணும். ஒவ்வொரு நடை முடிஞ்சு வந்ததும் எஞ்சின் எந்த வேலையச் செய்ய முடியாம நின்னுச்சுன்னு டிரைவரக் கேளு. அத மட்டும் எழுது. நான் அடுத்தவன் படகப் பாத்து எஞ்சின் மாத்துனேன். என் படகப் பாக்கல." என் அஞ்சாம் வகுப்புக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில்கூட என் எழுத்தை யாரும் அத்தனை மரியாதையாகப் பார்த்ததில்லை.

அப்புறம் எத்தனை தடைக்காலம் வந்தது. ஒவ்வொன்றிலும் எஞ்சினைத் திறப்போம், கழுவுவோம். பிறகு நான் நோட்டை வாசிப்பேன். நீங்க கண்ணை மூடிக்கொண்டு கேட்பீங்க. "காத்தை எதுத்து இழுக்கலைன்னு எத்தனை தடவ எழுதியிருக்க?" ரெண்டு தடவை என்றால், "சும்மா கெட" என்று எஞ்சினைப் பார்த்துச் சொல்வீங்க. பக்கத்துக்குப் பக்கம் அதே குறை வந்தால்தான் மாற்றுகிற பேச்சு. மாற்றினாலும் பழைய எஞ்சினைத் தார்ப்பாயில் சுற்றிக் கொட்டகையில் வைத்துவிடுவீங்க. "புதுசு ஒரு நடை போய்த் திரும்புற வரைக்கும் பழசு கரைய விட்டு நகரக்கூடாது." வியாபாரி வாசலில் காத்துக்கிடந்தாலும் சரி.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தபோது நீங்க இருந்தீங்க. அந்த ஒரு சந்தோஷம் எனக்கு இருக்கிறது. பவித்ரா அப்போது காலேஜில் கட்டிடப் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். தடியை ஊன்றி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கறுப்புப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தீங்க.

"இதுக்கு எஞ்சின் எங்கன இருக்கு?"

அவள் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கதவைக் கழற்றிக் காட்டினாள். "அந்தக் காத்தாடிக்குக் கீழ இருக்கு லாத்தாம்மாச்சி. பிராசசர்னு பேரு. முந்திரிக் கேக் அளவுதான் இருக்கும்."

"இம்புட்டுதானா? நம்ம எஞ்சின்ல ஒரு நட்டுக்குக் காணாதே!" என்றீங்க. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "நோட்டுப் போட்டாச்சா?" என்றீங்க. நான் விளையாட்டென்று நினைத்தேன். மறு வாரம் உங்க பேரன் நம்ம கடைசி நீள நோட்டைக் கொண்டு வந்து கொடுத்தான். படகை விற்ற பிறகு பாதிப் பக்கம் மிச்சம் இருந்தது. அடுத்த வருஷம் நீங்களும் மவுத்தாகிவிட்டீங்க. அந்த நோட்டில் உங்க படகு முடிகிற பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் என் பேத்தியின் கம்ப்யூட்டர் தொடங்குகிறது.

பவித்ராவின் வேலையைச் சொல்கிறேன் லாத்தா, கேட்டால் சிரிப்பீங்க. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே வீட்டைக் கட்டிக் காட்டுகிறாள். மண்ணில் இல்லை, படத்தில். கீழக்கரையில் கட்டப்போகிற வீட்டுக்குள் துபாயில் இருக்கிறவர் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து போகலாம். ஜன்னலில் வெயில் விழுகிறது, தரையில் நிழல் ஓடுகிறது. அந்த நிழலையெல்லாம் கணக்குப் போடுவது அந்த முந்திரிக் கேக் எஞ்சின்தான். படம் போட்டால் அது முக்கி முனகி ஓடும். காத்தாடி இரையும்.

முதல் தடைக்காலத்தில் நான் சொன்னேன்: "ஏத்தா, படகெல்லாம் ஏத்தியாச்சு. உன் பெட்டியையும் தொற." அவள் "அம்மாச்சி, இது படகா?" என்றாள். திறந்து பார்த்தால், காத்தாடிக்குக் கீழே இருந்த தகட்டு இடுக்கெல்லாம் உப்பும் தூசியும் சேர்ந்து அப்பளம் மாதிரி படிந்திருந்தது. நம்ம கடல்காற்று எதை விட்டது? பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, காய்ந்து போன பசையை வழித்துப் புதுப் பசை தடவினாள். அந்த வருஷத்துக் குறைகளில் முக்கால்வாசி அதோடு போனது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்க பார்த்திருக்கணும்.

ரெண்டாவது வருஷம், நாலு வேலையைச் சேர்த்துத் திறந்தால் திணறுகிறது என்று நோட்டில் இருந்தது. அதற்கு எஞ்சின் வேண்டாம், மெமரி போதும் என்று அவளே கண்டுபிடித்தாள். மூன்றாவது வருஷம்தான் சண்டை. கூடப் படித்த கோயம்புத்தூர்ப் பிள்ளை புதுப் பிராசசர் போட்டுவிட்டாளாம். வருஷத்துக்கு ஒருதரம் மாற்றுகிறாளாம். "எல்லாரும் மாத்துறாங்க அம்மாச்சி." நான் நோட்டை எடுத்து வாசித்தேன். ஒன்பது குறையில் ஆறு கரண்ட் போனது. ரெண்டு இன்டர்நெட் நின்றது. ஒன்றுதான் எஞ்சின். "கரண்ட் போனதுக்கு எஞ்சினை மாத்துனா கரண்ட் வந்துருமா?" என்றேன். ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மீன்குழம்பு வாசனைக்கு வந்துவிட்டாள்.

இந்த வருஷம் அப்படி இல்லை. மதுரையில் ஒரு எஞ்சினியர் ஆபீஸ். வீட்டிலிருந்தே நிரந்தரமாக வேலை தருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் ஒரு பரீட்சை மாதிரி, ஒரு பெரிய வீட்டை முழுக்க நடந்து பார்க்கிற படமாக்கிப் பத்து நாளில் தரணும். செந்தில் தெளிவாகச் சொல்லிவிட்டான்: "இது கிடைக்கலைன்னா அவ சென்னைக்குக் கிளம்பட்டும். தொண்டில உக்காந்து எத்தனை நாளைக்குப் படம் போடுவா?" ஹாஸ்டல்கூடப் பார்த்து வைத்துவிட்டான். பவித்ராவுக்குக் கடலை விட்டுப் போக இஷ்டமில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். ஊருக்குக் கொண்டுபோகிற துணிப்பெட்டியை மட்டும் கீழே இறக்காமல் பரணிலேயே விட்டிருந்தாள்.

தடைக்காலம் வந்ததும் வழக்கம்போலத் திறந்து கழுவினோம். நோட்டை வாசித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஒரே குறை. காலையில் போட்ட படம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிறது. பிராசசர் நூறில் நிற்கிறது, மற்றதெல்லாம் சும்மா இருக்கிறது. கழுவின பிறகும் அதே கதை. நோட்டை மூடினேன். "மாத்தலாம்" என்றேன். அவள் நம்பவில்லை. "நெசமாவா அம்மாச்சி?"

செந்திலையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனால் வாய் ஓயாது. "பாட்டிம்மா, அஞ்சு வருஷம் ரொம்பப் பழசு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மாத்தணும். பெட்டியோட மொத்தமா புதுசு போட்டுருங்க." நான் மஞ்சப்பையிலிருந்து நோட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். செந்தில் என் முழங்கையை இடித்தான். "அம்மா, கடையில வச்சு மானத்தை வாங்காதே." நான் நிறுத்தவில்லை. நாலாவது வரியில் கடைக்காரர் போனைக் கீழே வைத்தார். ஏழாவது வரியில் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"இத யாரு எழுதுனது?"

"நாந்தான்."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாப்பு."

அவர் பவித்ராவைப் பார்த்து, "மொத்தமா வேணாம்மா. உன் போர்டுலயே மூணு படி மேல உள்ள பிராசசர் உக்காரும். கொஞ்சம் பெரிய காத்தாடி மட்டும் போதும்" என்றார். லாத்தா, அந்தக் கடையில் நான் நின்ற நிற்பு இருக்கிறதே, கலெக்டர்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

கிளம்பும்போது, "பழசைக் கழட்டினதும் கொண்டு வந்து கொடுத்துருங்க, விலையில் குறைச்சுக்கிறேன், நாளைக்கே கொடுத்தாலும் சரி" என்றார். "புதுசு ஒரு நடை போய்த் திரும்பட்டும், அப்புறம் பாப்போம்" என்றேன். செந்தில் தலையில் அடித்துக்கொண்டான். "ஏம்மா, கம்ப்யூட்டர் என்ன கச்சத்தீவுக்கா போகப் போகுது?"

மறுநாள் காலை. பவித்ராவுக்கு அவசரம். ரெண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது, எட்டு நாள்தான் மிச்சம். பழசைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் இந்த டப்பாவில் போட்டு மூடினேன். புதுசை உட்கார வைத்து, காத்தாடியை மாட்டி, பட்டனைத் தட்டினாள். காத்தாடி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கும்மிருட்டாக இருந்தது. கழற்றி மாட்டினாள். மறுபடி கறுப்பு. இன்னொரு தடவை. அதே கறுப்பு. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செந்தில் வாசலில் நின்று, "நான் அப்பவே சொன்னேன்ல, மொத்தமா மாத்தச் சொல்லி. அஞ்சாப்பு நோட்டை நம்பி இறங்குனா இப்படித்தான்" என்றான். பவித்ரா அழுகையை அடக்கிக்கொண்டு, "சரி மாமா, ஹாஸ்டலுக்குச் சொல்லிருங்க" என்றாள்.

அந்தக் கறுப்புத் திரையில் எனக்கு உங்க படகைக் கயிறு கட்டி இழுத்து வந்ததுதான் தெரிந்தது. ஆனால் லாத்தா, அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அன்றைக்குப் பழைய எஞ்சின் லாரியில் போயிருந்தது. இன்றைக்கு அது உங்க டப்பாவில் இருந்தது.

"ஏத்தா, எந்திரி. குறை எஞ்சின்லயா படகுலயான்னு இன்னும் தெரியாது. பழசைத் திருப்பி மாட்டு" என்றேன்.

மாட்டினாள். திரை பளிச்சென்று வந்தது. படகு நன்றாகத்தான் இருக்கிறது! அப்புறம்தான் கடைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் எடுத்ததும் கேட்டது, "பயாஸ் புதுப்பிச்சியாம்மா?" போர்டுக்குள்ளேயே ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறதாம். பழசான போர்டுக்குப் புதுப் பிராசசரை அடையாளம் தெரியாதாம். முதலில் பழசை வைத்து ஓட்டி, புதுசை அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டுமாம். அவசரத்தில் இவள் அதை மறந்துவிட்டாள், சொல்ல அவரும் மறந்துவிட்டார். "பழசு கையில இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "அம்மாச்சி டப்பால இருந்துச்சு" என்றிருக்கிறாள். "அப்ப தப்பிச்சே. இல்லேன்னா அதே மாதிரி இன்னொன்னத் தேடிப் பிடிக்கணும், ஒரு வாரம் ஓடிரும்" என்றாராம்.

அடுத்த அஞ்சு நிமிஷத்தைக் கேளுங்க. புதுப்பிக்கிறபோது கரண்ட் போனால் போர்டே போய்விடும் என்றாள். யூபிஎஸ் இருந்தும் எனக்கு நம்பிக்கை இல்லை. "கிரைண்டரை நிறுத்து! மோட்டாரை நிறுத்து!" என்று கத்தினேன். என் மகள் அரைத்த மாவோடு அப்படியே நின்றாள். செந்தில் என்ன நினைத்தானோ, மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் போய், யாரும் தொடக்கூடாது என்று கையைக் கட்டி நின்றான். திரையில் கோடு ஒன்று மெல்ல மெல்ல நீண்டது. நான் முருகனைக் கூப்பிட்டேன். உங்களுக்காக அல்லாவையும் கூப்பிட்டேன். யார் கேட்டார்களோ, கோடு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

மறுபடி புதுசை உட்கார வைத்தாள். பட்டன். திரை வந்தது. அவள் "அம்மாச்சீ!" என்று போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஆடு ஓடியது.

அன்றைக்கே பழைய படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். உலை வைக்கும்போது போட்டாள். சோறு வடிப்பதற்குள் முடிந்தது. நான் கஞ்சி வடித்த கையோடு ஓடிவந்து பார்த்தேன். ஜன்னலில் வெயில், தரையில் நிழல், எல்லாம் இருந்தது. புதுசு மாட்டின ஆறாவது நாளே படம் முழுசும் மதுரைக்குப் போய்விட்டது.

இன்று காலையில் போன் வந்தது. படம் பிடித்துவிட்டதாம். அடுத்த மாசத்திலிருந்து வேலை, தொண்டியில் எங்கள் வீட்டிலிருந்தே. பரணில் இருந்த துணிப்பெட்டியில் பவித்ரா போர்வையை மடித்து வைத்துவிட்டாள். செந்தில் படகடிக்குப் போனவன் அங்கே யாரிடமோ, "எங்கம்மாட்ட கேக்காம ஒரு நட்டை மாத்தாதீங்க" என்று சொன்னானாம். வந்ததும், "ஏலே, ஹாஸ்டல்காரனுக்கு என்ன சொன்ன?" என்றேன். "கப்பல் தொண்டிய விட்டு வரலைன்னு சொல்லிட்டேன்" என்று அசடு வழிந்தான்.

இனி டப்பாவைக் காலி பண்ணலாம். நீங்க புது எஞ்சின் திரும்பி வந்ததும் பழசைச் சின்னப் படகுக்காரர் யாருக்காவது கொடுப்பீங்க. பவித்ரா இதை அவள் படித்த காலேஜில் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கப் போகிறாள், அந்தப் பிள்ளையின் போர்டும் இதே இனமாம். நீங்க ஓதி முடித்து நார்சா என்று இனிப்பு கொடுக்கிற மாதிரி நானும் பாயாசம் வைத்தேன். முதல் தூக்குவாளி உங்க வீட்டுக்குத்தான் போனது. உங்க மருமகள் வாங்கிக்கொண்டு, "என்ன விசேஷம் சித்தி?" என்றாள். "எஞ்சின் மாத்துனோம்" என்றேன்.

"அடுத்து எப்ப மாத்தணும் அம்மாச்சி?" என்று பவித்ரா கேட்டாள். ரெண்டு வருஷமா, அஞ்சு வருஷமா என்று அவள் ஒரு எண்ணை எதிர்பார்த்தாள். நான் எண் சொல்லவில்லை. பேனாவை எடுத்துவா என்றேன்.

ஒவ்வொரு தடவையும் நான் எழுதி முடித்ததும் உங்க விரலை அந்த வரிமேல் வைத்து, "என்ன எழுதியிருக்க, வாசி" என்பீங்க. இன்றைக்கும் அந்த இடத்தைக் கொஞ்சம் காலியாக விட்டுத்தான் எழுதினேன். விரலை வைங்க லாத்தா, வாசிக்கிறேன்:

"புது எஞ்சின். முதல் நடை போய்த் திரும்பியது. குறை எதுவும் இல்லை."